கல்மேட்டுப் பாதையும் ஜெரால்டின் ஆட்சேபமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய கல்மேட்டுக் காலனியில் ஜெரால்டு என்று கேட்டால் யாராயிருந்தாலும் யோசிப்பார்கள். 'பைலு ஜெரால்டு' என்றால் நாய்கூட வழிகாட்டும். இரும்புக் கம்பி ஆலையொன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவர். மட்டமான கம்பிக்குக் கையெழுத்திட மறுத்ததால் நீக்கப்பட்டேன் என்பது அவர் தரப்பு. நிர்வாகத்தின் தரப்பு வேறு. ஆறு ஆண்டுகளாகத் தொழிலாளர் நீதிமன்றம் இரண்டு தரப்பையும் பாரபட்சமின்றி ஒத்திவைத்து வருகிறது.

பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பை வாய்தாக்களுக்கு இடையில் அவரே தொடர்ந்தார். பழைய காகிதக் கடையில் எடைக்கு வாங்கிய சட்டப் புத்தகங்களே ஆசான்கள். தன்னை வழக்கறிஞராக மதித்தவர் உலகில் ஒரே ஒருவர் என்பதும், அந்த ஒருவர் தான்தான் என்பதும் அவருக்குத் தெரியும். "மேற்படி சாம்பாரில் உப்பு இல்லை" என்று ஒருநாள் சாப்பாட்டில் ஆட்சேபித்தபோது, மனைவி ஆரோக்கியமேரி, "மேற்படி வாய மூடிக்கினு துன்னுங்க" என்று ஒரே அமர்வில் தீர்ப்பளித்தாள். வீட்டில் பீரோக்கள் இரண்டு. ஒன்றில் காகிதம், மற்றதில் முதல் பீரோ கொள்ளாத காகிதம். துணிமணி கொடியில்.

காலனிக்கும் பெரிய சாலைக்கும் நடுவில் கிடக்கும் கல்மேட்டில் ஆதிமனிதர் செதுக்கிய கற்கருவிகள் அகப்பட்டன. அது பாதுகாக்கப்பட்ட பாரம்பரியப் பூங்காவாயிற்று. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான திட்ட வரைவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டினார்கள். கடைசி வரி வரை நின்று படித்த ஒரே குடிமகன் ஜெரால்டு. மேட்டைச் சுற்றிலும் வேலி. வாசல் மறுகோடியில், கார் நிறுத்துமிடத்தருகே. காலனி ஆட்கள் ஷிப்ட் பஸ் பிடிக்க நடக்கும் ஒற்றையடிப் பாதை வரைபடத்தில் இல்லவே இல்லை. அளக்க வந்தவர்கள் ஆலைகள் விடுமுறையான ஒரு பண்டிகை நாளில் வந்து, ஆள்நடமாட்டம் இல்லை என்று எழுதிப் போயிருந்தார்கள்.

பாதை போனால் மிஞ்சுவது லாரி ரோடு. பழைய இரும்பு ஏற்றிய டிரெய்லர்கள் ஓடும் அந்த ரோட்டில் ஒதுங்கி நடக்கக்கூட இடம் கிடையாது. பக்கத்து வீட்டுக் கலியனின் தம்பி அங்கேதான் ஒரு காலை இழந்தான். ஜெரால்டின் மகள் மோனிகா இரண்டாவது ஷிப்டுக்குப் போகிறவள். "வேலி போட்டா வேலைய வுட்டுடுவேன்பா. அந்த ரோட்ல நான் போமாட்டேன்" என்றாள். அவள் சம்பளத்தில்தான் அடுப்பும் எரிந்தது, வழக்கும் நடந்தது.

பொதுமக்கள் கருத்துக் கேட்பு என்று ஒரு நாள் குறித்தார்கள். ஜெரால்டு வீடு வீடாகச் சென்று ஆள் திரட்டினார். மதியம் சமுதாயக் கூடம் நிறைந்தது. பாதிப் பேர் இரண்டாவது ஷிப்டுக்கான சீருடையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் திட்ட அதிகாரி நர்மதா. ஜெரால்டு தடித்த கோப்புடன் எழுந்தார்.

"சுருக்கமா சொல்லுங்க சார்" என்றார் நர்மதா.

சுருக்குவது அவர் பயிலாத கலை. மேட்டின் தொன்மையில் தொடங்கினார். கல்லைச் செதுக்கிய மனிதனின் உழைப்பைப் போற்றினார். அங்கிருந்து, உழைப்பு மதிக்கப்படாமைக்கு முன்னுதாரணமாகத் தன் வேலைநீக்கத்துக்கு வந்து சேர்ந்தார்.

"ணா, ஆதிமனுசன் கேச அப்பால பாத்துக்கலாம். பாதை மேட்டருக்கு வாணா" என்றான் கலியன்.

"அது ஏழாவது பின்னிணைப்பில் வருகிறது."

"அதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துரும்."

மோனிகா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஐந்தாவது பின்னிணைப்பில், மேட்டுக்கு அப்பாலிருந்து கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் காலனியில் யாரும் யோசிப்பதில்லை. எழுந்தார்கள்; கழுத்தில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்கள்; செருப்பை மாட்டிக்கொண்டு, இருபுறமும் முள் நிற்கும் அந்தப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். அவர்களோடு ஜெரால்டும் நடந்தார். கோப்பை அக்குளில் இடுக்கி, வெறும் கழுத்தைத் தொட்டுப் பார்த்தபடி நடந்தார். வேலைநீக்க உத்தரவின் நகல் அவருடைய கால்களுக்கு வழங்கப்படவில்லை போலும்.

ஜெரால்டு பஸ் படியில் ஒரு காலை வைத்த பிறகே கலியன் அவரைக் கவனித்தான்.

"ணா, நீ எங்க ஏறுற? உன்னத்தான் தொரத்திட்டானுங்களே."

"அப்பா, எறங்குப்பா. மானம் போவுது" என்றாள் மோனிகா உள்ளிருந்து.

இறங்கித் திரும்பினால், மேட்டிலிருந்து நர்மதா புடவையை முள்ளிலிருந்து விடுவித்தபடி ஓடி வந்துகொண்டிருந்தார். பின்னால் சுருட்டிய வரைபடத்துடன் உதவியாளர்.

"வெளிநடப்பு எல்லாம் வேணாங்க. உக்காந்து பேசலாம்" என்று மூச்சு வாங்கினார்.

"வெளிநடப்பு இன்னா மேடம், ஷிப்டு. டெய்லி இப்டித்தான்" என்றான் கலியன் ஜன்னல் வழியாக. பஸ் கிளம்பியது.

நர்மதா தாம் ஓடி வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தார். வரைபடத்தை ஒரு பாறைமேல் விரித்தார். "இங்க ஒண்ணுமே காட்டலையே" என்றார்.

"அதைத்தான் ஏழாவது…" என்று ஜெரால்டு கோப்பைத் திறப்பதற்குள், நர்மதா பேனாவால் மேட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டார். பிறகு, "எல்லா ஷிப்டு ஆளுங்களும் எப்ப சார் ஊட்ல இருப்பாங்க?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் கூட்டம் மறுபடி கூடியது. ஆரோக்கியமேரி கோப்பை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "வெறுங்கையோட பேசுங்க" என்றாள். ஜெரால்டு எழுந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "பாதை வேணும் மேடம். எம் பொண்ணு அதுலதான் போவுது" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். கைதட்டினார்கள். ஆறு ஆண்டு வாதங்களுக்குக் கிடைக்காத கைதட்டல் அது. அதற்கு ஒப்புகைச் சீட்டு கிடையாதே என்று மட்டும் மனம் அடித்துக்கொண்டது.

திருத்திய திட்டத்தில் பாதை இருந்தது: இரண்டு முனையிலும் கதவு, மூன்று ஷிப்டுக்கும் திறந்திருக்கும். ஜெரால்டு அதைத் துளைத்துத் துளைத்துப் படித்தார். ஆட்சேபிக்க ஏதும் அகப்படாத நிலையில் ஒரு மாதிரித் தவித்து, கடைசியில் அடிக்குறிப்பில் பிடித்தார்: 'நேரடிக் கள ஆய்வில் கண்டறியப்பட்ட பாதை.' யார் கண்டறிந்தது? ஏழாவது பின்னிணைப்பில் அவர் எழுதி வைத்ததல்லவா! உடனே உட்கார்ந்து நான்கு பக்கத்தில் ஒரு மறுப்பு எழுதினார்.

"போஸ்ட்ல சேர்த்துடும்மா" என்று மோனிகாவிடம் நீட்டினார்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றாள். ஆனாலும் வாங்கிக் கைப்பையில் செருகிக்கொண்டு, ஹாரன் வருமுன் கல்மேட்டில் ஏறினாள்.