நான் சொல்ல மச்சாள் பார்த்த ஊர்

ஜப்பானில் உனக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று தொண்ணூறுகளில் யாராவது என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் ட்சுவானோ என்று சொல்லியிருப்பேன். அங்கே நான் போனதில்லை. ஜப்பானுக்கே போனதில்லை. ஆனாலும் அந்த ஊர் என்னுடையது. அதை என் மச்சாள் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்பதுதான் என் வழக்கு.

அப்போது நான் நியூசிலாந்தில், ஆக்லாந்து குயின் ஸ்ட்ரீட்டில் ஒரு நினைவுப்பொருள் கடையில் வேலை செய்தேன். ஆட்டுத்தோல் விரிப்பு, ஆட்டு ரோமக் கொழுப்பில் செய்த முகக் கிரீம், தேன் போத்தல், கிவிப் பறவைப் பொம்மை. பஸ் பஸ்ஸாக ஜப்பானியர் வந்து இறங்குவார்கள். முதலாளி எங்களை மாலை வகுப்புக்கு அனுப்பி அவர்களுடைய மொழியைப் படிப்பித்தார். மற்றப் பெண்கள் விலை சொல்லவும் நன்றி சொல்லவும் கற்றதோடு நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அந்த மொழி பிடித்துவிட்டது. பொருளைச் சுற்றிக் கட்டும்போது வாடிக்கையாளரிடம் கேட்பேன்: எந்த ஊர்? உங்கள் ஊருக்கு வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் எல்லோரும் கோட்டை என்பார்கள், இல்லாவிட்டால் கோயில் என்பார்கள். அதெல்லாம் பயணக் கம்பனிப் புத்தகத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் பொறுத்தால் அவர்களுக்கு உண்மையில் பிடித்த இடம் வெளியே வரும். தகாயாமாவிலிருந்து வந்த ஒருவர், ஆற்றோரக் காலைச் சந்தையில் ஊறுகாய் விற்கும் பெண்களிடம் ருசி பார்த்துக்கொண்டே போனால் காலைச் சாப்பாடு முடிந்துவிடும் என்றார். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, தன் ஊருக்குப் போகும் ஒற்றைப் பெட்டி ரயிலில் ஆற்றுப் பக்க ஜன்னலைப் பிடிக்காவிட்டால் போய்ப் பயனில்லை என்றார். மலைக் கிராமத்துக்காரர் ஒருவர், குளிர் தொடங்கும் நேரம் தோல் சீவிய பெர்சிமன் பழங்களை நூலில் கட்டிக் கூரை விளிம்பெல்லாம் தொங்கவிட்டிருப்பதைக் கையால் காற்றில் வரைந்து காட்டினார்.

ட்சுவானோவைத் தந்தது ஒரு வயதான தம்பதி. வெள்ளைச் சுவர் வைத்த பழைய வீடுகள். தெருவோரம் கால்வாய். அதில் முழங்கை நீளத்துக்குக் கொழுத்த கெண்டை மீன்கள், சிவப்பும் வெள்ளையுமாக. ஜூன் மாதம் கால்வாய்க் கரையில் ஊதாப் பூ. ஒருவரும் அந்த மீனைப் பிடித்துச் சமைப்பதில்லையா என்று கேட்டேன். இருவரும் சிரித்த சிரிப்பில் இன்னொரு ஆட்டுத்தோலும் வாங்கிக்கொண்டு போனார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் வேறு என்னத்தைக் கேட்பாள்?

அன்று கிளென் ஈடனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"ஒருக்கா ஜப்பானுக்குப் போவம்."

"அங்க ஆர் இருக்கினம் எங்களுக்கு?" என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஆட்களுக்குப் பயணம் என்றால் சொந்தக்காரர் வீடு. சிட்னியில் அவருடைய தம்பி, டொரொண்டோவில் என் சித்தி, கொழும்பில் அம்மா. லீவு வந்தால் அதில் ஒரு வீட்டுக்கு டிக்கெட் போடுவோம். போன இடத்தில் சமைத்துச் சாப்பிட்டு, கதைத்து, அவர்கள் வீட்டுப் பாயில் படுத்துவிட்டு வருவோம். ஆள் இல்லாத நாட்டுக்குச் சும்மா இடம் பார்க்கப் போவது விசர் வேலை. இரண்டு மூன்று வருடம் விடாமல் கேட்டேன். விடாமல் அதே பதிலைச் சொன்னார்.

பிறகு மச்சாள் போனார். மச்சாள் என் கணவரின் அக்கா. அவருடைய கணவர் எஞ்சினியர். கம்பனி அவரை இரண்டு வருடத்துக்கு ஜப்பானின் ஒரு கடலோர ஊருக்கு அனுப்பியது. புறப்படுவதற்கு முன் மச்சாள் என்னிடம் வந்து, "உமக்குத்தானே ஜப்பான் எல்லாம் தெரியும், அங்க என்ன பாக்கிறது?" என்று கேட்டார். வாய் சும்மா இருந்தால்தானே. காலைச் சந்தை, ஒற்றைப் பெட்டி ரயில், பெர்சிமன் தொங்கும் கூரை எல்லாவற்றையும் கொட்டினேன். ட்சுவானோவைக் கடைசியில் சொன்னேன். சொல்லும்போதே வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

திரும்பி வந்ததும் ஆல்பனியில் அவர்களுடைய புது வீட்டுக்கு எங்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். எங்கள் குடும்பம் மட்டும்தான். சாப்பிட்டு முடிய ஆல்பங்கள் வந்தன. மச்சாள் காலைச் சந்தையில், வாய் நிறைய ஊறுகாய். மச்சாள் ரயில் ஜன்னலில், ஆற்றுப் பக்கம். மச்சாள் மரத்தொட்டி வெந்நீரில் கால் நனைத்தபடி. அது நான் சொல்லாதது, அதனால் இன்னும் எரிந்தது. பிறகு ஒரு முழு ஆல்பம் ட்சுவானோ. ஊதாப் பூ பூத்திருக்கும் மாதம் பார்த்துப் போயிருக்கிறார். மீனுக்குத் தீனி போடுகிறார். வெள்ளைச் சுவரில் சாய்ந்து நிற்கிறார், அதுவும் நான் பரிசாகக் கொடுத்த சால்வையைப் போர்த்துக்கொண்டு.

"எனக்கு ஜப்பானில வடிவாப் பிடிச்ச இடம் இதுதான்," என்றார். "ஆருக்கும் தெரியாது இப்பிடி ஒரு ஊர் இருக்கெண்டு."

எனக்குத் தெரியும் என்று கத்த வேண்டும்போல இருந்தது. "நல்ல வடிவு மச்சாள்," என்று சொன்னேன். ஒவ்வொரு படத்துக்கும் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு வடிவு என்று சொல்வது எவ்வளவு களைப்பான வேலை என்பது சொன்னவர்களுக்குத்தான் தெரியும்.

காரில் ஏறிய பிறகுதான் ரோல்ஸ் கொண்டுபோன பாத்திரத்தை மறந்தது நினைவுக்கு வந்தது. கணவரையும் பிள்ளைகளையும் காரில் இருக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்துக் கேற்றால் வீட்டின் பின்பக்கம் போனேன். மச்சாள் தன் கணவரையும் மகளையும் புல்லில் நிறுத்திவைத்து, கைப்பிடி நிறையச் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து அவர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். கண்ணூறு கழிக்கிறார். சுற்றியதைப் பார்பெக்யூ அடுப்பில் போட்டார். மிளகாய் கருகியது. ஒருவரும் இருமவில்லை. கண் பட்டிருந்தால் நெடி வராது என்பது எங்கள் கணக்கு.

"பாத்தீங்களே, ஒரு சொட்டு நெடி இல்லை," என்று கணவரிடம் சொன்னார். "எவ்வளவு கண் பட்டிருக்கு!"

அன்று அந்த வீட்டுக்கு வேறு விருந்தாளி யாரும் வரவில்லை. பாத்திரத்தை எடுக்காமலே திரும்பி நடந்தேன். காரில் அழுகையாக வந்தது. என்னைப் பற்றி இல்லாததைச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். சொன்னது சரியாக இருந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஒரு வருடம் கழித்து மச்சாளிடமிருந்து போன் வந்தது. ஜப்பானில் அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரும் மனைவியும் நியூசிலாந்து பார்க்க வருகிறார்களாம். ஞாயிறு மதியம் அவர்களுக்குச் சாப்பாடாம். மச்சாளுக்கு இரண்டு வருடத்தில் வணக்கமும் நன்றியும்தான் வந்திருந்தது. "நீர் வந்தாத்தான் கதைக்கலாம்," என்றார். நான் சம்மதித்த வேகத்தில் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் பேசாத மனிதர். எங்களைப் போல இடியப்பத்தைக் கையால் பிசைந்து சாப்பிடுவதிலேயே கவனமாக இருந்தார். மனைவிக்கு அறுபது வயதிருக்கும். நான் வாய் திறந்ததும் என் பக்கம் நாற்காலியைத் திருப்பிவிட்டார். எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டேன். பழக்கதோஷம். ட்சுவானோ என்றார்.

என் கையிலிருந்த சொதிக் கரண்டி அப்படியே நின்றது. கால்வாய், மீன், ஊதாப் பூ என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். எப்போது போனீர்கள் என்று கேட்டார். போகவில்லை, கடையில் ஒருவர் சொன்னார் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் தெரிவது பாதிதான் என்றார். கால்வாயின் ஒரு கிளை தான் பிறந்த வீட்டுக்குள் வந்து, முற்றத்துக் குளத்தில் சுற்றி, வெளியே போகுமாம். சோற்றுச் சட்டியைக் கழுவினால் ஒட்டியிருக்கும் பருக்கைக்கு மீன்கள் வந்துவிடுமாம். இரவில் படுத்தால் தலைமாட்டில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்குமாம்.

"என்னவாம்?" என்று மச்சாள் கேட்டார்.

"சும்மா ஊர்க்கதை," என்றேன்.

அந்த முற்றத்துக் குளம் மச்சாளின் ஆல்பத்தில் இல்லை. அதை மொழிபெயர்த்து அவருக்குக் கொடுக்க நான் என்ன பைத்தியமா? நாங்கள் இருவரும் கதைத்துக்கொண்டே போனோம். மச்சாள் கறியைத் திரும்பத் திரும்பச் சுட வைத்தார். கடைசியில் அந்த அம்மா சொன்னார்: அந்த வீட்டில் இப்போது என் தம்பி இருக்கிறான், நீ வா, அங்கேயே தங்கலாம்.

இதை மட்டும் நிறுத்தி, தெளிவாக, மேசை முழுவதற்கும் கேட்கத் தமிழில் சொன்னேன். கணவரைப் பார்த்து, "இப்ப ஆர் இருக்கினம் எண்டு கேளுங்கோவன்," என்றும் சொன்னேன். அவர் இன்னொரு இடியப்பத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார். மச்சாள் சட்டென்று எழுந்து குசினிக்குள் போனார். முகம் மாறியதை என் கண்ணால் பார்த்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு ருசியான சாப்பாடு சாப்பிட்டதில்லை.

வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றவில்லை. செத்தல் மிளகாயையும் உப்பையும் அள்ளிக் கணவரின் கையில் கொடுத்தேன்.

"ஆருக்கு?"

"எனக்கு. உங்கட அக்கா பாத்த பார்வையைக் கண்டனீங்களே? சுத்துங்கோ."

மனிதர் முணுமுணுத்துக்கொண்டே சுற்றினார். மிளகாயைச் சட்டியில் போட்டு மின்னடுப்பைக் கூட்டிவிட்டு, நெடி வராமல் இருப்பதற்காகச் சந்தோஷமாகக் காத்திருந்தேன். முதலில் புகை வந்தது. பிறகு தொண்டைக்குள் யாரோ கம்பியை விட்டுச் சுழற்றுவதுபோல் நெடி ஏறியது. ஸ்மோக் அலாரம் அலறத் தொடங்கியது. பிள்ளைகள் "மம், ஸ்டாப் இட்!" என்று இருமிக்கொண்டே தோட்டத்துக்கு ஓடினார்கள். கணவர் துவாயால் அலாரத்துக்கு விசிறினார்.

"பாத்தீரே," என்றார் இருமலுக்கு நடுவில், அக்காவை நினைத்துப் பெருமையாக. "அக்கான்ர கண் உம்மில படவேயில்லை."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மச்சாள்தான். மத்தியானம் எழுந்து குசினிக்குள் போனது வட்டிலப்பப் புடிங் எடுத்து வைக்கத்தானாம், பிறகு கதையில் அதைத் தர மறந்துவிட்டாராம், நான் சாப்பிடாமல் போய்விட்டேனாம். ஜப்பானுக்குப் போகும்போது தன்னுடைய பெரிய சூட்கேஸைத் தருவாராம், ஜூனில் போனால்தான் பூ இருக்குமாம். எனக்கு இருமல் நிற்கவில்லை.

"என்ன சத்தம் அங்க? மிளகாயே சுத்துறீங்கள்?" என்று கேட்டார். பிறகு உண்மையான ஆறுதலோடு சொன்னார்: "நெடி நல்லா வருதெல்லோ? அப்ப ஒண்டுக்கும் யோசியாதேயும். ஒருத்தருக்கும் உம்மில எரிச்சல் இல்லை."

"ஓம் மச்சாள்," என்றேன். கண்ணால் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.