தழுவல் என்று நான் சொன்ன கதை

அந்த அலுமாரியின் ஒரு பக்கத்தைத் தூக்கியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நான் மேடையில் பேசியது தெரியாமல் நேர்ந்த பிழை என்று யாரும் எனக்காக இரங்கக் கூடாது.

எண்பதுகளில் லண்டனின் ஈஸ்ட் ஹாமில் ஒரு கடையின் மேல்மாடியில் ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் இலக்கிய வட்டம் கூடும். யாழ்ப்பாணத்தில் ஆங்கில இலக்கியம் படிப்பித்தவன் என்பதால் அங்கே எனக்கென்று ஒரு கதிரை இருந்தது. பெரும்பாலும் அமெரிக்கச் சிறுகதைகளைப் பற்றித்தான் பேசுவேன். பாவத்தையும் குற்ற உணர்வையும் உருவகமாக்கிய தொடக்ககாலக் கதைகள், கடைசி வரியில் திருப்பத்தை ஒளித்து வைத்த பத்திரிகைக் கதைகள், ஒவ்வொரு பிரதேசமும் தன் பேச்சோடும் சேற்றோடும் எழுத வந்த காலம், தென் மாநிலங்களின் பாழடைந்த வீடுகளும் கோணல் மனிதர்களும், போரைக் கண்டு வந்தவர்கள் பெரிய சொற்களில் நம்பிக்கை இழந்து சின்ன வாக்கியங்களுக்கு வந்து சேர்ந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் அப்போது அங்கே புதிதாக எழுதப்பட்டுக்கொண்டிருந்த கதைகளுக்கு வருவேன். வேலை போனவர்கள், குடிப்பவர்கள், பேச வேண்டியதைப் பேசாமல் கோப்பை கழுவும் கணவன் மனைவியர்.

"முக்கியமானதைச் சொல்லாமல் விடுறதுதான் இவையின்ர கலை. எங்கட ஆக்கள் எல்லாத்தையும் சொல்லிப்போடுவினம்" என்பேன். சபை தலையாட்டும்.

எனக்கு அந்தக் கலை கைவரவில்லை. நான் எழுதிய கதைகளில் யாராவது ஒருவர் கடைசியில் எழுந்து நின்று விளக்கம் சொல்லிவிடுவார். அவரை வெட்டினால் கதையில் ஒன்றும் மிஞ்சாது.

என் பேச்சுக்கு முன்வரிசையில் இருப்பவர் என் நண்பர். ஊரில் என்னோடு ஒரே கல்லூரியில் கணிதம் படிப்பித்தவர். லண்டனில் ஒரு கணக்காளர் நிறுவனத்தில் நல்ல வேலை; வீடு நகரின் தெற்கே மிச்சம் என்ற ஊரில். என்னைவிட இளையவர் என்பதால் அண்ணை என்பார். நான் இரவல் கொடுக்கும் புத்தகங்களை மிச்சத்திலிருந்து வேலைக்குப் போகும் வழியில் வாசித்துவிட்டு, அட்டை மடங்காமல் திருப்பித் தருவார்.

அவருடைய ஒரே மகன் அப்போது ஊரில் இருந்தான். கொழும்புக்கு வந்துவிட்டான், இனி இங்கே எடுப்பதுதான் பாக்கி என்று செய்தி வந்ததும் அவர் மேல்மாடி அறைக்கு வெள்ளை அடித்தார். பழைய தளபாடக் கடையில் ஒரு அலுமாரி வாங்கினார். தூக்க என்னைக் கூப்பிட்டார். படி திரும்பும் இடத்தில் அது சிக்கிக்கொண்டது.

"இன்னும் கொஞ்சம் சரியுங்கோ அண்ணை."

"சரிச்சால் சுவர் போகும். நீர் கணக்கு வாத்தியார், அளந்தெல்லோ வாங்கியிருக்க வேணும்."

"அலுமாரியை அளந்தனான். படியை அளக்கேல்லை."

அவருடைய மனைவி சமையலறை வாசலில் நின்று சிரித்தார். "இஞ்சாருங்கோ, அது கீழயே நிக்கட்டும். அவன் வந்து ஏத்துவான்."

அலுமாரியைக் கீழே வாசல் நடையில், சுவரோரமாக நிறுத்தினோம். அதைக் கடந்து போக உடம்பைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருந்தது. சில வாரங்களில் கொழும்பிலிருந்து செய்தி நின்றுபோனது. பிறகு செய்தியும் வரவில்லை, அவனும் வரவில்லை. நாங்கள் கேட்பதை விட்டுவிட்டோம்.

எங்கள் வட்டம் ஆண்டுக்கு ஒரு மலர் போடும். அடுத்த மலருக்கு அவர் ஒரு கதை கொடுத்தார். அவர் எழுதிய முதல் கதை. ஒரு கணவன், ஒரு மனைவி, நடையில் ஒரு அலுமாரி. இருவரும் அதைக் கடந்து போகிறார்கள், வருகிறார்கள். பால்காரனைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுகிறார்கள். 'அவன்' என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. கடைசியில் மனைவி தையல் நாடாவை எடுத்துப் படியை அளக்கிறாள். எவ்வளவு, போதுமா என்று கணவன் கேட்கிறான். "காணாது" என்கிறாள். கதை அவ்வளவுதான்.

முதல் தடவை நின்றபடியே கடைசி வரி வரை வாசித்தேன். இரண்டாம் தடவை பிழை தேடி வாசித்தேன்.

என் மனைவியும் வாசித்தாள். என் பேச்சுகளில் எப்போதும் கண் சொருகிவிடுகிறவள். "நீங்கள் இவ்வளவு காலமும் அந்த மேல்மாடியில என்ன சொன்னனீங்கள் எண்டு இப்பதான் எனக்கு விளங்குது" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். நான் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தேன்.

மலர் வெளியீட்டில் விளக்கேற்றி, வாழ்த்துரைகள் முடிந்ததும் படித்தவர் ஒருவர் ஆய்வுரை செய்வது எங்கள் வழக்கம். அந்தப் படித்தவர் நான். எங்களிடையே ஒரு கதையைக் கொல்வதற்கு அது நன்றாக இல்லை என்று சொல்லத் தேவையில்லை. 'தழுவல்' என்றால் போதும். ஆங்கிலம் படித்தவன் சொன்னால் அதற்கு மறுபேச்சும் இல்லை.

அமெரிக்கச் சிறுகதையின் வரலாற்றை நான் வழக்கம்போல் ஒழுங்காகச் சொல்லி வந்தேன். மௌனத்தை எழுதும் அந்தப் புதிய போக்குக்கு வந்ததும், "இந்த அலுமாரியை நான் ஏற்கெனவே அமெரிக்காவில் சந்தித்திருக்கிறேன். இப்போது வேட்டி கட்டிக்கொண்டு மிச்சத்துக்கு வந்திருக்கிறது" என்றேன். சபை சிரித்தது.

"எந்தக் கதை சேர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"வாசிக்கிறவைக்குத் தெரியும்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

நண்பரும் சிரித்தார். ரோல்ஸும் தேநீரும் பரிமாறும்போது என்னிடம் வந்தார். "நீங்கள் தந்த புத்தகத்திலயோ அண்ணை? எனக்கு ஞாபகம் வருகுதில்லை."

"யோசிச்சுப் பாரும்" என்றேன்.

அதன்பிறகு அவர் கதை தரவில்லை. கூட்டங்களுக்கு வருவதும் குறைந்து நின்றுபோனது. முன்வரிசையில் அவர் இல்லாதது எனக்கு முதலில் நிம்மதியாகவே இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் வட்டம் கலைந்தது. அதன்பின் என் மனைவி நோயில் படுத்தாள். எதையாவது வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டபோது, "அந்த அலுமாரிக் கதையை வாசியுங்கோ" என்றாள். என் அலுமாரி நிறைய என் கட்டுரைகள் இருந்தன. அவள் கேட்டது அதை. வாசித்தேன். "காணாது" என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அவளுடைய காரியங்கள் முடிந்த பிறகு மிச்சத்துக்குப் போனேன். நடையில் அதே அலுமாரி நின்றது. பக்கவாட்டில் திரும்பி உள்ளே போனேன்.

நண்பருக்குத் தலை நரைத்திருந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவரே, "நல்ல நேரம் வந்தனீங்கள்" என்று அலுமாரிக் கதவைத் திறந்தார். உடுப்பு ஒன்றும் இல்லை. தட்டுத் தட்டாக அமெரிக்கச் சிறுகதைத் தொகுப்புகள். பழைய பொருள் விற்கும் தர்மக் கடைகளிலும் நூலகங்கள் கழித்துவிட்ட குவியல்களிலும் பொறுக்கி எடுத்தவை.

"எல்லாத்திலயும் தேடிட்டன் அண்ணை. என்னை அறியாமல் நான் எடுத்த அந்தக் கதை அம்பிடேல்லை. அம்பிட்டால், எழுதினவரின்ர பேரைப் போட்டு ஒரு திருத்தம் எழுதவேணும் எண்டு நினைச்சன்."

"அப்பிடி ஒரு கதை இல்லை" என்றேன். "எனக்குத் தெரியும். நீர் எழுதினது, என்னால எழுத ஏலாமல் போனது. அதுதான் அப்பிடிச் சொன்னனான்."

அவர் அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சமையலறையிலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "நீங்கள்தானே அண்ணை இதை ஒரு பக்கம் தூக்கினனீங்கள்."

"ஓம்" என்றேன்.

"அப்ப இவ்வளவையும் நான் சும்மா வாசிச்சிருக்கிறன்" என்றார் நண்பர். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

"இனி எழுதும்."

"ஏலாது அண்ணை. ஒரு வரி எழுதினால், இது ஆரின்ர வரி எண்டுதான் முதல்ல தோணுது."

அவருடைய மனைவி தேநீரை என் முன் வைத்தார். "இதை எங்களிட்டைச் சொல்லி என்ன பிரயோசனம்? சபையில சொன்னதைச் சபையிலயெல்லோ திருப்பி எடுக்க வேணும்."

அந்தச் சபை இப்போது இல்லை. சிரித்தவர்களில் பலரும் இல்லை. மிஞ்சியிருப்பவர்களும், அந்த மலரை எங்காவது வைத்திருப்பவர்களும் வாசிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். அந்தக் கதை எதனுடைய தழுவலும் அல்ல. முழுக்க அவருடையது. அந்தக் "காணாது" என்ற ஒரு சொல்லை நான் எழுதியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் மனம் எரிகிறது.