கைராசிக்கு என்ன கூலி?

எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஒன்றுக்கு வேலை நிரந்தரமானால், அடுத்த வளர்பிறை ஞாயிற்றுக்கிழமை பி பிளாக் அங்கிள் வீட்டுக்குப் போயாக வேண்டும். ஆப்பிள், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு வைத்த தட்டோடு. அங்கிள் முதலீட்டு ஆலோசகர். முதலீட்டுப் படிவத்தில் முதல் கையெழுத்தை அவர் எதிரில் உட்கார்ந்து அவர் பேனாவால் போட்டால் பணம் பெருகும் என்பது தில்லி துவாரகாவில் எங்கள் செக்டாரின் நம்பிக்கை. கைராசிக்காரர். அதைவிடப் பெரிய பெயரும் அவருக்கு உண்டு: ஒரு பைசா வாங்க மாட்டார், காபி மட்டும்தான் குடிப்பார்.

காபி குடித்தே ஒரு மனிதர் எப்படி இரண்டு கார் வாங்கினார் என்று யாரும் கேட்டதில்லை. இத்தனைக்கும் எங்கள் சொசைட்டிப் பெரியவர்கள் மத்திய அரசு அலுவலகங்களில் ஆயுள் முழுக்க ஃபைல் பார்த்தவர்கள். ஓர் இணைப்புத் தாள் குறைந்தால் மந்திரி அனுப்பிய ஃபைலையே திருப்பி அனுப்பியவர்கள். பத்து ரூபாய்க்கு ஆட்டோக்காரரிடம் இந்தியில் அரை மணி நேரம் மல்லுக்கட்டுவார்கள். ஆனால் நம்மூர்க்காரரிடம் போய் "உங்களுக்கு இதில் என்ன கிடைக்கும்?" என்று கேட்பது அநாகரிகம். அதனால் கேட்கவில்லை. எங்கள் அப்பாவும் கேட்கவில்லை. ஓய்வு பெற்றபோது வந்த பணம் மொத்தமும் அங்கிள் கைவழியாகத்தான் போயிருக்கிறது.

என் முறை வந்தது. குர்காவ்ன் வேலையில் சேர்ந்து, மதியச் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோய், தோழிகள் போன மலைப் பயணத்துக்கெல்லாம் வரவில்லை என்று சொல்லிச் சேர்த்த பணம். எதற்கு என்பது எனக்குத் தெளிவு. இந்த வேலையை ஒருநாள் விட்டுவிட்டு மேலே படிக்கப் போவேன். அப்போது யாரிடமும் கை நீட்டக் கூடாது.

போவதற்கு முன் நான் சும்மா இருக்கவில்லை. மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். படிக்கப் படிக்க உடம்பெல்லாம் எரிந்தது. ஒரே மியூச்சுவல் ஃபண்டில் இரண்டு வழி. நேரடியாக, அதாவது ‘டைரக்ட்’ திட்டத்தில், போட்டால் ஒரு செலவு. ஆலோசகர் மூலம் போட்டால் அவர் கமிஷனையும் சேர்த்து அதிகச் செலவு. அதை யாரும் நம்மிடம் கை நீட்டி வாங்குவதில்லை. பணம் உள்ளே இருக்கும்வரை, வருடா வருடம், உள்ளேயே கழிந்துகொண்டிருக்கும். லாபம் வந்தாலும் கழியும், நஷ்டம் வந்தாலும் கழியும்.

அந்த ஞாயிறு அங்கிள் படிவங்களைத் தயாராக வைத்திருந்தார். கையெழுத்து போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி. ஒரு ஃபண்ட், கூடவே காப்பீடும் முதலீடும் கலந்த ஒரு பாலிசி. பாலிசிக்கு வருடா வருடம் ஒரு பெரிய தொகை கட்ட வேண்டும். ஐந்து வருடம் பணத்தை எடுக்க முடியாது.

"வேலைய விட்டா இத எப்படி அங்கிள் கட்டுறது?"

"அரே பேட்டா, வேலைய ஏன் விடப்போற? கல்யாணம் ஆகி அவரும் கட்டுவாரே!" என்று சிரித்தார். ஆன்ட்டி சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பில்தான் கடைசித் தயக்கமும் விட்டுப்போனது.

"அங்கிள், இதுல உங்களுக்கு எவ்வளவு கமிஷன்?"

அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா காபி டம்ளரை டக்கென்று கீழே வைத்தார்.

"ஏட்டி!" என்றார் அப்பா. தில்லியில் பாதி ஆயுளைக் கழித்தாலும் கோபம் வந்தால் அவருக்குத் திருநெல்வேலிதான். "என்னத்த கேக்கே நீ?"

"விடுங்க சார், பச்சக் கொழந்த" என்றார் அங்கிள். "பேட்டா, நான் உங்கிட்ட வாங்கலியே. கம்பெனி குடுக்குது."

"கம்பெனிக்கு எங்கேருந்து வருது அங்கிள்? எங்க பணத்துலேர்ந்துதானே?"

"அச்சா. யூடியூப் பாத்தியா?"

"பாத்தேன். ஃபண்ட் கம்பெனி தாளையும் படிச்சேன்." கைபேசியைத் திருப்பிக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. "நீங்க செய்யற வேலைக்கு ஃபீஸ் இவ்வளவுன்னு வெளிப்படையா சொல்லுங்க. வேணும்னா குடுப்பேன். கழியறதே தெரியாம கழியறதுக்கு நான் கையெழுத்து போட மாட்டேன்."

போடவில்லை. பேனா மேசையிலேயே கிடந்தது.

லிஃப்டில் அப்பா சுவரைப் பார்த்தபடி பேசினார். "ஒத்த கையெழுத்து. போட்டா என்ன கொறஞ்சு போவ? அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப ராத்திரி பகலா கூட நின்ன மனுசன்ட்டி."

"அதுக்கு நன்றி இருக்குப்பா. அந்த நன்றிய என் சம்பளத்துலேர்ந்து வருஷா வருஷம் கழிச்சுக்க வேண்டாம்."

"நாக்கு நீளந்தான் ஒனக்கு."

மறுநாள் காலை மெட்ரோவில் நின்றுகொண்டே, நேரடி வழியில், பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்தொடரும், செலவு மிகக் குறைந்த ஓர் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போட ஏற்பாடு செய்தேன். பான் எண், வங்கிக் கணக்கு, அவ்வளவுதான். வளர்பிறையா தேய்பிறையா என்று பார்க்கவில்லை. நெரிசலில் பக்கத்தில் நின்றவரின் பை என் விலாவில் இடித்துக்கொண்டிருந்தது.

செய்தி சொசைட்டி முழுக்கப் பரவியது. "உங்க பொண்ணு இனி தனக்குத் தானே ஆபரேஷனும் பண்ணிக்குவாளா?" என்று ஒரு மாமி அம்மாவிடம் கேட்டாள். பொங்கல் விழாவில் என் தட்டில் கரண்டியைச் சாய்க்கும்போது இன்னொரு மாமா, "சர்க்கரைப் பொங்கல் டைரக்டா எடுத்துக்கறியாம்மா, நான் போடலாமா?" என்றார். சிரித்துக்கொண்டே கரண்டியை வாங்கி நானே போட்டுக்கொண்டேன்.

சில மாதங்களில் பங்குச் சந்தை விழுந்தது. என் பணமும் விழுந்தது, மறைக்கவில்லை. ஒரு மாலை பூங்காவில் நானும் அப்பாவும் நடந்துகொண்டிருந்தபோது அங்கிள் எதிரில் வந்தார்.

"என்ன பேட்டா, பணம் சௌக்கியமா?"

"எறங்கியிருக்கு அங்கிள்."

"அதுக்குத்தான் பெரியவங்க பக்கத்துல வேணும்ங்கறது."

"உங்ககிட்ட போட்டவங்களுக்கும் எறங்கித்தானே இருக்கு? கமிஷனும் போயிருக்கு."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தார். அப்பா அடுத்த சுற்றைத் தொடங்கினார். பிறகு, "என்னோடதுலயும் போவுதா?" என்றார்.

"போவுதுப்பா. காட்டட்டுமா?"

"வேண்டாம்." இன்னும் கொஞ்சம் நடந்தார். "எனக்குத் தெரிஞ்சே போவட்டும். அவருகிட்ட போய் பணத்த எடுக்கேன்னு என்னால சொல்ல முடியாது."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் பணம், அவர் முடிவு. அதில் கைவைக்க எனக்கு உரிமையில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் என்னுடையதில் வேறு யாரும் கைவைக்க முடியாது. இறங்கிய பணம் இறங்கியபடி கிடக்கட்டும். அடுத்த மாதத் தொகையைக் கொஞ்சம் கூட்டினேன்.