காலி அறையில் ஓடிய எஞ்சின்

அன்று இரவு அங்கே இருந்தவர்கள்: நான். எலக்ட்ரீஷியன், தூங்கும்போதும் சட்டைப் பையில் டெஸ்டர் குத்தியிருக்கும் என்பதால் அவனை 'டெஸ்டர்' என்றே கூப்பிடுவோம். வெளி கேட்டில் வாட்ச்மேன். மொத்தம் மூன்று பேர். பல தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். மூன்றுதான்.

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நான் குடிப்பதில்லை. அந்த ஷிஃப்டில் ஒரு நாளும் கண் அசந்ததில்லை. எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட இரவு பத்து மணிக்கு மேல் அந்த அறையில் உட்கார்ந்தவர் இல்லை.

லாரி எஞ்சின் செய்யும் கம்பெனி. சோதனைக்கு இரண்டு டீசல் எஞ்சின்கள். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். உள்ளே பிஸ்டன் மட்டும் வேறு. ஒன்றில் அலுமினியம், மற்றதில் எஃகு. இரண்டையும் தனித்தனி அறையில் வைத்து, முழுச் சுமையில், நிறுத்தாமல் ஆயிரம் மணி நேரம் ஓட்ட வேண்டும். எது தாங்குகிறதோ அது லாரியில் ஏறும். நடுவில் நிறுத்தினால் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். அதுதான் விதி. இரண்டு அறைக்கும் இடையில் கட்டுப்பாட்டு அறை. இடது கண்ணாடிக்கு அந்தப்புறம் அலுமினியம், வலதுக்கு அந்தப்புறம் எஃகு. அறைகளிலிருந்து சத்தம் வெளியே வராது. உள்ளே மைக், எங்கள் பக்கம் ஸ்பீக்கர். மணிக்கு ஒரு தடவை அளவு எடுத்து நோட்டில் எழுதுவது என் வேலை.

அலுமினியம் சூட்டைச் சட்டென்று கடத்தும். ஆனால் சூடானால் அதிகம் விரியும். அதனால் சிலிண்டருக்குள் கொஞ்சம் தளர்வாகவே பொருத்துவார்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினால் பிஸ்டன் சுவரில் மோதிச் சத்தம் போடும். டக், டக், டக். சூடேறி விரிந்ததும் இடைவெளி அடைபட்டு நாலைந்து நிமிடத்தில் அடங்கும். எஃகு அழுத்தம் தாங்கும், குறைவாக விரியும், இறுக்கமாக உட்காரும், சத்தமே போடாது. ஆனால் சூட்டைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அடியிலிருந்து எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விக்காவிட்டால் கதை முடிந்தது.

டெஸ்டர் இதைச் சுருக்கிச் சொல்வான். "அலுமினியம் என் பொண்டாட்டி. கத்தித் தீத்துடுவா. எஃகு என் மாமியார். பேசவே மாட்டாங்க. அதான் பயம்."

அலுமினிய எஞ்சின் நாலாவது வாரத்தில் செத்தது. பிஸ்டன் தலையில் விளிம்பு வெடித்துவிட்டது. கழற்றி ஸ்டோருக்கு அனுப்பினார்கள். இடது அறையில் மிஞ்சியது ஒரு சிமெண்டு மேடையும் நாலு போல்ட்டும்தான். எஃகு ஓடிக்கொண்டே இருந்தது. அன்று இரவு அதற்கு 987-வது மணி. இன்னும் பதின்மூன்று. சோதனைக்குப் பொறுப்பான இன்ஜினியருக்கு அப்போதே பதவி உயர்வு கிடைத்துவிட்ட நடை.

என் அண்ணன் லாரி ஓட்டுகிறார். மலைப்பாதை. அவர் முதலாளி புது எஃகு பிஸ்டன் வண்டி பத்து கேட்டு வைத்திருக்கிறார். வளைவில் இறங்கும்போது எஞ்சின் இறுகி நின்றால் என்ன ஆகும் என்று அண்ணனிடம் ஒரு தடவை கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மணி 1:40.

டக்... டக்... டக்...

இடது ஸ்பீக்கர். காலி அறை.

டெஸ்டர் பெஞ்சிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். பக்கத்து எஞ்சின் அதிர்வு தரை வழியாக வருகிறது என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. 1:44-க்கு அடங்கிவிட்டது. தரையின் அதிர்வு சூடேறி அடங்காது. அப்படி அடங்குவது ஒன்றே ஒன்றுதான். அலுமினிய எஞ்சினை முதல் நாள் கிளப்பியபோது அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன்.

இடது அறை விளக்கைப் போட்டேன். மேடை. போல்ட். வேறு ஒன்றும் இல்லை. அணைத்தேன்.

2:15. இடது கண்ணாடியில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இருக்காது என்பார்கள். மறுபடியும் விளக்கைப் போட்டேன். நாலு போல்ட்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"ஆஃப் பண்ணுடா," என்றான் டெஸ்டர். அணைத்தேன்.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எங்களிடம் ஒரு வழி உண்டு. நீளமான இரும்புக் கம்பி. ஒரு முனையை சிலிண்டர் பக்கம் அழுத்தி, மறுமுனையைக் காதில் வைப்போம். உள்ளே பிஸ்டன் இருமினாலும் கேட்கும். ஓடும் எஞ்சின் பக்கத்தில் போகக் கூடாது என்று விதி. ராத்திரிக்காரர்கள் எல்லோரும் போவார்கள்.

2:31.

இடது அறையில் ஒரு ஆள் நின்றார்.

எங்கள் அறை வெளிச்சத்தில் முதுகுதான் தெரிந்தது. குனிந்திருந்தார். காதில் கம்பி. கம்பியின் மறுமுனை காற்றில், எஞ்சின் இருந்திருந்தால் எங்கே இருக்குமோ அந்த உயரத்தில் அழுந்தி நின்றது. கொஞ்சம் கேட்டார். ஒரு அடி நகர்ந்தார். கேட்டார். நகர்ந்தார்.

ஒன்று... இரண்டு... மூன்று...

நாலில் நின்றார். நகரவில்லை.

இடது ஸ்பீக்கரில் புதுச் சத்தம் வந்தது. கிர்ர்... கிர்ர்... உலர்ந்த இரும்பு உரசும் சத்தம்.

வலது பக்கம் திரும்பினேன். எஃகு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய் அழுத்தம் சரி. தண்ணீர்ச் சூடு சரி. முள் ஒன்றுகூட அசையவில்லை. ஆனால் பிஸ்டனுக்குள் முள் கிடையாது. அங்கே என்ன சூடு என்று யாருக்கும் தெரியாது.

2:40. இன்ஜினியருக்குப் போன் போட்டேன். நாலாவது சிலிண்டரில் சந்தேகம் என்றேன். ஆளைப் பற்றிச் சொல்லவில்லை.

"அளவெல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்போ உனக்கு என்ன நோவு? அதுல கை வச்சே, காலைல உனக்கு வேலை இருக்காது."

வைத்துவிட்டார்.

2:47. அந்த ஆள் திரும்பினார். முகம் இருட்டு. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த வலது கண்ணாடியைப் பார்த்தார். கம்பியைத் தூக்கினார்.

டங்.

டங்.

டங்.

டங்.

எங்கள் கண்ணாடியில்.

டெஸ்டர் ஓடினான். செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.

நான் இடது கண்ணாடிக்கு நேராகப் போய் நின்றேன்.

"கேட்டுச்சு," என்றேன். "நிறுத்துறேன். உனக்குப் பயந்து இல்ல. அந்த இன்ஜினியருக்கும் பயந்து இல்ல."

2:52.

சிவப்புப் பட்டனை அழுத்தினேன்.

வலது எஞ்சின் நின்றது.

இடது ஸ்பீக்கரும் நின்றது.

இரண்டும்... ஒரே நொடியில்.

விளக்கைப் போட்டேன். மேடை. போல்ட். அவ்வளவுதான்.

நோட்டை எடுத்து எழுதினேன். '2:52. நாலாவது சிலிண்டரில் கோளாறு என்று சந்தேகம். நான் நிறுத்தினேன்.' கையெழுத்துப் போட்டேன். எங்கள் நோட்டில் கார்பன் வைத்து மூன்று பிரதி. ஒன்று எனக்கு, ஒன்று இன்ஜினியருக்கு, மூன்றாவதைத் தரச் சோதனை ஆபீசின் பெட்டியில் போட வேண்டும். விடிவதற்குள் போட்டுவிட்டேன்.

காலையில் இன்ஜினியர் பேசியதை இங்கே எழுத முடியாது. இரண்டு நாள் கழித்து எஞ்சினைத் திறந்தார்கள். ஆறில் ஐந்து பிஸ்டன்கள் புதுசு போல வந்தன. நாலாவது வரவில்லை. அடித்து இறக்க வேண்டியிருந்தது. எண்ணெய் பீய்ச்சும் குழாய் வளைந்து குறி தப்பியிருந்தது. பிஸ்டன் தலைக்குள் எண்ணெய் ஓடும் வழி முழுக்கக் கரி. பக்கவாட்டில் விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல். இன்னும் அரை மணி தாங்கியிருந்தால் அதிசயம் என்றார் மெக்கானிக்.

அதற்குப் பிறகும் இன்ஜினியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலில் தேன். அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றி எழுதச் சொன்னார். கரண்ட் போய் எஞ்சின் நின்றதாக. அப்படி நின்றால் மட்டும் கணக்கு அழியாது. நாலாவது பிஸ்டனைப் புதிதாகப் போட்டு, மிச்சம் பதின்மூன்று மணி ஓட்டி, ஆயிரம் என்று முடித்துவிடலாமாம்.

"ஒரு கையெழுத்துதான்டா."

"ஏற்கெனவே போட்டுட்டேன் சார்."

"வேலை போயிடும்."

"போகட்டும். எங்க அண்ணன் போகக் கூடாது."

நாலாம் நாள் வேலை போனது. மூன்றாவது பிரதி மட்டும் போக வேண்டிய இடத்தில் இருந்தது.

அடையாள அட்டையையும் கருவிகளையும் ஒப்படைக்க ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர்கீப்பர் வாய் அதிகம் இல்லாத மனுஷர். என் சாமான்களை எண்ணி வாங்கிக்கொண்டார். பிறகு கதவைப் பார்த்துவிட்டு, என்னை உள்ளே கூப்பிட்டார்.

மூலையில் அந்த அலுமினிய எஞ்சின். வெறும் கூடு. ஆறு சிலிண்டரும் ஓட்டை. ஆறு பிஸ்டனும் பக்கத்து மேஜையில் வரிசையாக, நம்பர் எழுதி. எண்ணெய் இல்லை, டீசல் இல்லை, பேட்டரி இல்லை.

பக்கவாட்டில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் இருந்தது. ஸ்டோர்கீப்பர் தன் பதிவேட்டைத் திறந்து காட்டினார். எஞ்சின் உள்ளே வந்த நாளில் அவர் கையால் எழுதியது: 612 மணி, 0 நிமிடம்.

மீட்டரைப் பார்க்கச் சொன்னார்.

613 மணி, 12 நிமிடம்.

1:40-லிருந்து 2:52 வரை எத்தனை நிமிடம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் போட்டுவிட்டேன்.

"நான் இதை யார்கிட்டயும் சொல்லல," என்றார். "நீயும் என்கிட்ட எதுவும் சொல்லாத."

வெளியே வரும்போது மணி இரவு 9:50. டெஸ்டர் லீவு போட்டுவிட்டான். வேறு யாரும் அந்த ஷிஃப்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. புது பிஸ்டன் போட்ட எஞ்சினை ஓட்ட இன்ஜினியரே வந்திருந்தார். கையில் ஃபிளாஸ்க், கக்கத்தில் புது நோட்டு. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன, உன் பேய் எத்தனை மணிக்கு வரும்?"

"அது டக் டக்குனு கத்துற வரைக்கும் பயமில்ல சார்," என்றேன். "நாலு நிமிஷத்துல அடங்கிடும். அதுக்கப்புறம் பாத்துக்கோங்க."

"போடா."

போனேன். பத்து அடி நடந்து திரும்பிப் பார்த்தேன். அவர் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தார். எஞ்சின் ஓடும் இரவில் உள்பக்கம் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அதை மட்டும் மீறாமல் செய்தார்.

கதவு மூடியது. பூட்டு விழுந்தது.