கேரளத்து நம்பரும் பெருமாள்மலைக் கம்பவுண்டரும்

வண்டி வாங்குவது ஒரு நாள் சோலி, அதைத் தன் பேருக்கு மாற்றுவது ஒரு பிறவிச் சோலி என்பது எங்கள் தொழிலில் சேர்ந்த முதல் நாளே காதில் விழும் வாசகம். கோடைக்கானல் பஜாரில் டயரும் டியூபும் விற்றுவந்த மீரான் ராவுத்தர் கடையில், வண்டிக் காகிதங்கள் எழுதிக் கொடுக்கும் குமாஸ்தாவாக நான் சேர்ந்திருந்தேன். பழனி அடிவாரத்தில் வாழைத்தார் சுமந்து என்னை பி.ஏ. வரை படிக்க வைத்தவர் என் அப்பா. எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி நான். எந்த விண்ணப்பப் பாரத்தில் பேனாவை வைத்தாலும், ஜெயிலுக்குப் போகும் முதல் ஆளும் நானாகிவிடுவேனோ என்று பயம் பிடித்துக்கொள்ளும்.

வேற்று மாநில மோட்டார் சைக்கிளை வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நீங்கள் மட்டும் அலையவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதில் முதல் சம்பவத்தை நான் நேரில் பார்க்கவில்லை. ராவுத்தர் சொல்லிக் கேட்டது. அவர் எதற்கும் கண், காது, மூக்கு வைத்துச் சொல்கிறவர். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கை குலுக்கிய தொரை

செல்லையா பெருமாள்மலைக்காரர். மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார். அந்தத் தோட்டத்துத் தொரை சீமைக்குக் கப்பலேறும்போது, தன் மோட்டார் சைக்கிளையும் வயதான நாயையும் செல்லையாவிடம் ஒப்படைத்து, சனமெல்லாம் பார்க்கக் கை குலுக்கிவிட்டுப் போனாராம். மனைவிக்கு மூணாறு மழை ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் செல்லையாவும் வேலையை விட்டுவிட்டு, நாயை டேங்க் மேல் உட்கார வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். பல மாதம் அந்தக் கேரளத்து நம்பரோடேயே ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பெருமாள்மலையைச் சுற்றியிருந்த மூன்று காப்பித் தோட்டங்கள் சேர்ந்து ஒரு கம்பவுண்டரை வைத்துக்கொள்ளத் தீர்மானித்தன. நிபந்தனை ஒன்றே ஒன்று. சொந்த வண்டி வேண்டும், அது சென்னை ராஜ்யத்து நம்பரோடு அவர் பேரிலேயே இருக்க வேண்டும். காப்பிப் பழ எடுப்புத் தொடங்குவதற்குள் காகிதத்தைக் காட்டாவிட்டால் வேலை வத்தலக்குண்டு ஆள் ஒருவருக்குப் போய்விடும். அவரிடம் ஸ்கூட்டர் இருந்தது, காகிதமும் சுத்தமாக இருந்தது. செல்லையாவிடம் பழைய வேலையும் இல்லை. கடைக்கு வந்த அவரிடம், தொரையிடம் விற்பனைக் காகிதத்தில் கையெழுத்து வாங்கவில்லையா என்று ராவுத்தர் கேட்டாராம். செல்லையா அதிர்ந்துபோய்ச் சொன்ன பதில் இது:

"நல்லாருக்கே மொதலாளி! கை குலுக்குன மனுசன்கிட்டப் போயி கையெழுத்துப் போடுங்கன்னா, 'செல்லையா என்னைய நம்பலையே'ன்னு அவரு கப்பல் பூரா நெனைச்சுக்கிட்டே போக மாட்டாரா?"

காணாமல் போன சர்க்கார்

மலைக்காரர்களுக்குச் சமவெளி முழுவதும் 'கீழே'தான். ராவுத்தர் செல்லையாவின் காகிதத்தை என் பொறுப்பில் விட்டதும், கீழே இருந்த வண்டிப் பதிவு ஆபீசுக்கு வெள்ளனே முதல் பஸ்ஸில் கிளம்பி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் செல்லையாவின் ஆர்.சி. புத்தகத்தை வெகுநேரம் பார்த்தார். பதிவு செய்த சர்க்காரிடமிருந்து 'ஆட்சேபணை இல்லை' என்று சான்று வர வேண்டும் என்றார். புத்தகத்தில் இருந்ததோ திருவாங்கூர்-கொச்சி ராஜ்யத்தின் முத்திரை. அந்த ராஜ்யம் கலைந்து கேரளம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

"கேரளத்திலிருந்து வாங்கி வந்தால் போதுமா சார்?" என்றேன். புத்தகத்தில் கேரளம் என்று இல்லையே என்றார். "இதில் உள்ள ராஜ்யமே இப்போது இல்லையே சார்" என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். புத்தகத்தை மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இல்லைங்கிறது நீங்க சொல்றது. இல்லைன்னு அவங்க எழுதிக் கொடுக்கட்டும், நான் ஒத்துக்கறேன்."

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு டீ

வண்டியைப் பதிவு செய்த கோட்டயம் ஆபீசுக்கு எழுதி, பழைய ராஜ்யம் இல்லை, ஆட்சேபணையும் இல்லை என்று அங்கிருந்து ஒருவழியாகச் சான்று வந்தது. அதோடு செல்லையாவையும் அழைத்துக்கொண்டு கீழே போனேன். வேற்று மாநில வண்டி இங்கே ஒரு வருடத்துக்கு மேல் தங்கினால் நம்பரை மாற்றியாக வேண்டும் என்பது சட்டம். "வண்டி இங்கே வந்து எவ்வளவு காலம் ஆச்சு?" என்று ஜன்னல்காரர் கேட்டதும், வருடம் இன்னும் ஆகவில்லை என்று காட்ட, செல்லையா மடியிலிருந்து ஒரு கட்டுத் துண்டுச் சீட்டுகளை எடுத்துப் பெருமையாக நீட்டினார். எனக்கும் அது புதிய செய்தி. கவுஞ்சியில் ஒரு பூண்டு வியாபாரி அவருக்கு யோசனை சொல்லியிருக்கிறார். எல்லையை ஒரு தடவை மிதித்துவிட்டு வந்தால் பழைய கணக்குக் கழிந்துவிடும், மறுபடி முதலிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று. மலையில் பாதிப் பேர் அதை நம்பினார்கள். செல்லையா மாதம் தவறாமல் பேரிஜம் காட்டு வழியே மூணாறு எல்லைக்குப் போய், அந்தப் பக்கத்து டீக்கடையில் ஒரு டீ குடித்து, 'இன்ன வண்டி இன்று இங்கே நின்றது' என்று கடைக்காரரிடம் எழுதி வாங்கி வந்திருக்கிறார். ஒவ்வொரு சீட்டிலும் கடைக்காரரின் பெருவிரல் ரேகை வேறு.

ஜன்னல்காரர் எல்லாவற்றையும் படித்தார். படித்துவிட்டு, வண்டி மாதாமாதம் கேரளத்தில்தான் இருந்திருக்கிறது என்று நீங்களே ரேகை வைத்து நிரூபித்துவிட்டீர்கள், பிறகு சென்னை நம்பர் எதற்கு என்று கேட்டார். கிராம முன்சீப்பிடம் போய், இந்த வண்டி பெருமாள்மலையில்தான் வசிக்கிறது என்று சான்று வாங்கிவர நாங்கள் மறுபடி மலையேற வேண்டியதாயிற்று. அதற்கு முன்னால் ஜன்னல்காரர் கடைசியாக ஒரு தடவை கேட்டார், "வண்டி அங்கே இருக்கா, இங்கே இருக்கா, ஒண்ணு சொல்லுங்க." செல்லையா துளியும் தயங்கவில்லை.

"குடியிருக்கறது இங்கனதாங்க. டீக்கு மட்டுந்தான் அங்கிட்டுப் போகும்."

சீமையிலிருந்து வந்த நலம் விசாரிப்பு

தொரையின் கையெழுத்து இல்லாமல் பேர் மாற்றம் நடக்காது. பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சிலுவைக்குறி இட்டு, எனக்குத் தெரிந்த அத்தனை இங்கிலீஷ் மரியாதையும் சேர்த்து ஒரு கடிதம் எழுதி விமானத் தபாலில் அனுப்பினேன். பதில் வராத ஒவ்வொரு நாளும் செல்லையா கடைக்கு வந்து படியில் உட்கார்ந்திருப்பார். தோட்டத்தில் பழம் சிவக்க ஆரம்பித்துவிட்டது என்பார். வத்தலக்குண்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதாகவும் சொன்னார். ஒரு நாள் குரலைத் தாழ்த்தி, "தம்பி, நீங்க இங்கிலீசு படிச்சவங்க. தொரை மாதிரியே சாய்வா ஒரு கோடு இழுத்துருங்களேன். பொஞ்சாதி புள்ளைக சோத்துக்குத்தான கேக்கறேன்" என்றார். நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன். அவர் புரிந்துகொண்டு எழுந்து போனார்.

அந்த வாரமே சீமைக் கடிதம் வந்தது. செல்லையாவும் ராவுத்தரும் இரண்டு பக்கமும் நின்று பார்க்க நான் பிரித்தேன். இரண்டு முழுப் பக்கங்கள். நாய் எப்படி இருக்கிறது, மலைக் குளிர் ஒத்துக்கொள்கிறதா, வேகவைத்த ஈரல் கொடுக்கிறாயா, காதில் உண்ணி பார்க்கிறாயா என்று வரிசையாகக் கேள்விகள். பாரமும் கூடவே திரும்பி வந்திருந்தது. சிலுவைக்குறி இட்ட இடம் வெறுமையாகக் கிடந்தது. ராவுத்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஏலே பி.ஏ., நாயைப் பேர் மாத்தித் தாங்கன்னு எழுதியிருந்தா மனுசன் பத்து எடத்துல கையெழுத்துப் போட்டிருப்பாருலே!"

சந்தனக் காப்பு

இரண்டாவது கடிதத்தில் முதல் பக்கம் முழுக்க நாயின் நலத்தை எழுதி, கடைசி வரியில் கையெழுத்தைக் கேட்டேன். உடனே வந்துவிட்டது. இனி பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து, எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் சரி என்று எழுத வேண்டும். அவர் அந்த மாதம் கோடைக்கானலுக்கு கேம்ப் வந்தார். செல்லையா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது எனக்கு அது யார் வண்டி என்றே தெரியவில்லை. பெரிய அதிகாரி பார்க்கப் போகிறாரே என்று, கறுப்பு வண்டி முழுவதற்கும் வெள்ளி பெயிண்ட் அடித்திருந்தார். எஞ்சின், சேஸிஸ், நம்பர் பொறித்த இடம் எதுவும் மிச்சமில்லை. அதற்கு மேல் அவர் மனைவி சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மேகம் இறங்கிவிட்டது. எதிரே நிற்பவர் முகம்கூடத் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் குனிந்து விரலால் தடவித் தடவி நம்பரைத் தேடினார். விரலெல்லாம் சந்தனம். நான் என் ஒரே நல்ல சட்டையின் கையை மடித்துக்கொண்டு, மண்ணெண்ணெய்த் துணியும் பழைய பிளேடுமாகத் தரையில் உட்கார்ந்து சுரண்டினேன். பக்கத்தில் செல்லையா, "பாத்துத் தம்பி, புதுப் பெயிண்டு" என்று பதறிக்கொண்டே இருந்தார். எண்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின, எல்லாம் சரியாகவே இருந்தன. நிறம்தான் இடித்தது. பேனாவைத் திறந்துகொண்டே இன்ஸ்பெக்டர் சொன்னார்:

"புஸ்தகத்துல கறுப்பு. நீர் வெள்ளிங்கறீர். இந்த மேகத்துல எனக்கு வண்டியே தெரியலை. நான் கறுப்புன்னே எழுதிடறேன், நீர் வீட்டுக்குப் போறதுக்குள்ள கறுப்பாக்கிடும்!"

மேனேஜர் பார்த்தார்

பழ எடுப்புக்கு முந்தின நாள், கீழேயிருந்து வந்த பஸ்ஸில் காகிதம் வந்தது. செல்லையாவின் பேர், சென்னை ராஜ்யத்து நம்பர், முத்திரை எல்லாம் இருந்தன. நான் வரிக்கு வரி படித்தேன், பிறகு மறுபடியும் படித்தேன். செல்லையா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். துணைக்கு வா என்றதால் நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். மூன்றில் ஒன்றான பள்ளங்கிப் பக்கத்துத் தோட்டத்தின் வாசலில், பொதி ஏற்றிய குதிரைகள் வரிசையாக நின்றிருந்தன. செல்லையா தன் புதிய அந்தஸ்துக்கு ஏற்ப வண்டியை ஒரு முறுக்கு முறுக்கி நிறுத்தினார். அவ்வளவுதான். முன்னால் நின்ற குதிரை இரண்டு காலில் எழும்பியது, பின்னால் நின்றவை பொதியோடு காப்பிச் செடிகளுக்குள் பாய்ந்தன. குதிரைக்காரர்கள் எங்களைப் பெற்றவர்களையெல்லாம் விசாரித்துக்கொண்டே அவற்றின் பின்னால் ஓடினார்கள்.

மேனேஜர் வெளியே வந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். செல்லையா காகிதத்தை நீட்டினார். மேனேஜர் அதைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பிறகு நாளைக் காலையிலிருந்து வேலைக்கு வரலாம் என்றார். செல்லையாவுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். வண்டியை எங்கே நிறுத்துவது என்று செல்லையா கேட்டார். மேனேஜர், செடிகளுக்குள்ளிருந்து இழுத்துவரப்பட்ட ஒரு மட்டக் குதிரையைக் காட்டினார்.

"வண்டி பெருமாள்மலையிலயே நிக்கட்டும் கம்பவுண்டர், இதுக மெரளுது, மூணு தோட்டத்துக்கும் இந்தக் குதிரையிலதான் போகணும், நீங்க ஏறிப் பழகிக்கங்க."

பிறகு நானே மோட்டார் சட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துச் சரிபார்த்துவிட்டேன்: குதிரையை எந்த ராஜ்யத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தாலும் பதிவும் கிடையாது, பேர் மாற்றமும் கிடையாது.