நீலம் கலந்த வெள்ளை

என் அண்ணன் யேசுராஜ் பட்டாளத்தில் பெயிண்டர். லாரிகளுக்கு நம்பர் எழுதியும் பலகைகளில் பெயர் எழுதியும் இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்று குருபரப்பள்ளிக்கு வந்தார். அண்ணி முன்பே இறந்துவிட்டார். வீட்டில் அவரும் நானும்தான்.

பெங்களூரிலிருந்த அவருடைய பழைய அதிகாரி மேஜர் பொன்னப்பா, கட்டைவிரல் உயரத்தில் ஈயச் சிப்பாய்களை வார்த்து, பிஸ்கட் டின்னில் அடுக்கி பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். அண்ணன் வர்ணம் தீட்டித் திருப்பி அனுப்புவார். மருந்து பாட்டில் கார்க்கில் மெழுகை உருக்கி ஊற்றி, அதன்மேல் சிப்பாயை நிறுத்துவார். கார்க்கைத்தான் திருப்புவார், சிப்பாயைத் தொடமாட்டார். சட்டைக்குப் பொத்தான் வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். அந்த நேரம் நான் பாத்திரம் தேய்க்க மாட்டேன்.

அவர் வேலை செய்யும் பலகை முதலில் ஜன்னலோரம் இருந்தது. பிறகு வெளிச்சம் போதாமல் கொல்லைப்புற வெயிலுக்குப் போனது. கிருஷ்ணகிரியில் கண்ணாடி மாற்றப் போனபோது கடைக்காரர், "கண்ணாடியால ஆவாதுங்க. புரை விழுந்திருக்குது, ஆபரேஷன்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன், "எங்கூட இருந்த கங்கப்பன் ஆபரேஷன் பண்ணிக்கினான். சோடாபுட்டி கண்ணாடி போட்டும் அவனுக்கு சோத்துல கல்லு தெரியல. யாருக்கும் சொல்லாத பவுலி. மேஜருக்குத் தெரிஞ்சா டின்னு வராது" என்றார்.

டின் வராவிட்டால் அவர் காலையில் எதற்கு எழுந்திருப்பார் என்று எனக்கும் தெரியவில்லை.

1968 தை மாதம் டின்னில் பேண்டு வாத்தியக்காரர்கள் முப்பது பேர் வந்தார்கள். சிவப்புக் கோட்டு, மார்பின் குறுக்கே வெள்ளை பெல்ட். அண்ணன் வெள்ளை டப்பாவைத் திறந்து பார்த்து முகம் சுளித்தார்.

"பெயிண்டு கடைக்காரன் ஏமாத்திட்டான். மஞ்சளடிச்சுப் போன சரக்கு."

எனக்கு அது பால் மாதிரிதான் தெரிந்தது. அவர் கொஞ்சம் வெள்ளையை மூடியில் ஊற்றி, குச்சி முனையில் நீலம் தொட்டுக் கலந்தார். "வேட்டிக்கு நீலம் போடறதில்லையா, அதே வேலைதான்" என்று சிரித்தார். முதல் பெல்ட்டில் நீலம் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது. ஊற்றும்போதெல்லாம் நீலம் கொஞ்சம் கூடியது; பத்தாவது பெல்ட் வெளுத்த வானம். இருபதாவதைப் பார்த்தபோது, நீலமாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் மூச்சை அடக்கியிருந்தார். நான் பிரஷைக் கழுவப் போய்விட்டேன்.

பங்குனியில் டின் போனது. எட்டாம் நாள் கண்டக்டர் முனிராஜ் பஸ்ஸிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். எங்கள் வாசலில் நின்றே சத்தமாகச் சொன்னார்.

"பெயிண்டரண்ணே! மேஜரு கேக்கச் சொன்னாரு. இது மிலிட்டரி பேண்டா, இல்ல இஸ்கூலு பசங்களா? பெல்ட்டெல்லாம் நீலமா கீதாமே!"

டிரைவர் ஹாரன் அடித்தார். முனிராஜ் ஓடிவிட்டார். அண்ணன் டின்னிலிருந்து ஒரு கொம்புக்காரனை எடுத்து வெயிலில் நீட்டினார். மூக்குக்கு அருகில் கொண்டுவந்தார்.

"பவுலி, இந்த பெல்ட்டு என்ன கலரு?"

"நீலம்ண்ணா."

"எப்பலேர்ந்து?"

"தையிலேர்ந்து."

"பாத்துக்கினே இருந்தியா?"

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் கொம்புக்காரனைக் கீழே வைத்து, கை துடைத்து, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மதியம் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் பலகை மறுபடி கொல்லைப்புறத்தில் இருந்தது. நீல டப்பாவை என்னிடம் கொடுத்து, உள்ளே வைக்கச் சொன்னார். முப்பது பெல்ட்டுகளையும் டர்பன்டைனால் துடைத்து, டப்பாவில் இருந்த வெள்ளையை அப்படியே பூச ஆரம்பித்தார்.

"எனக்கு மஞ்சளாத்தான் தெரியுது. நீ சொல்லு."

"வெள்ளைதாண்ணா."

"நல்லா பாத்துச் சொல்லு. எனக்காக சொல்லாத."

ஒவ்வொரு பெல்ட்டுக்கும் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொன்னேன். அத்தனை நாளில் அவ்வளவு பேசியதில்லை. தன் கண்ணுக்குத் தப்பாகத் தெரிந்ததை, என் வாய் வார்த்தையை நம்பி அவர் பூசிக்கொண்டே போனார்.

கடைசி ஆள் முரசுக்காரன். அண்ணன் அவனை நிறுத்திவிட்டு, "மாங்கா சீசன் முடியட்டும், ஆபரேஷனுக்குப் போவலாம். மேஜருக்கு நானே சொல்லிடறேன்" என்றார். இந்த முறை அவர் நிறம் எதுவும் கேட்கவில்லை. பிரஷைத் துடைக்கத் துணியை எடுத்துவிட்டார்.

"அண்ணா, இரு" என்றேன். "பெல்ட்டு ஓரத்துல கோட்டு செவப்பு ஏறியிருக்குது."

துணியைக் கீழே போட்டுவிட்டு, கார்க்கைத் திருப்பி, மூச்சை அடக்கினார்.