மாஜரின் டப்பாவில் இரண்டு பேனா

முதலில் நடுங்கியது என் இடது கை. அந்தக் கையில்தான் நிரோஷாவின் கைக்குழந்தை இருந்தது.

பூனாகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். பிள்ளையைத் தவறவிட்டவள் என்று பேர் வந்தால் அப்புறம் யார் நம்பித் தருவார்கள்? அந்தக் குளிரிலும் நெற்றி வியர்த்தது. கண் இருட்டியது. பிள்ளையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு வந்த நல்ல புத்தி அது ஒன்றுதான்.

பால் கொடுக்க வந்த நிரோஷா பிள்ளையை வாங்கிக்கொண்டாள். “பெரியம்மா, என்னா பண்ணுது?”

“சீனி கொண்டா” என்றேன். தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். நினைவு இருந்ததால் குடித்தேன். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறி உயிரே போய்விடும்.

குடித்து முடிப்பதற்குள் மேரி ஓடிவந்தாள். என் தம்பி மனைவி. அவள் கையில், சர்க்கரைக்கு நான் குத்திக்கொள்ளும் இன்சுலின் பேனா (பேனா மாதிரி ஊசி). “மதினி, நீங்க என் பேனாவப் போட்டுட்டீங்க. ஒங்களோடதுதான் டப்பாவுல கெடந்துச்சு.”

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பிரிட்ஜ் கிடையாது. தோட்டத்துக் கடை முதலாளி நல்ல மனுஷன். சர்க்கரை வியாதிக்காரர்களின் மருந்தையெல்லாம் ஒரு மாஜரின் டப்பாவில் போட்டு, கடை பிரிட்ஜில் ஐஸ்பழத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். போகிறபோது எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப வைப்போம். அன்று மழை, கரண்ட் இல்லை, கண்ணாடியை லயத்திலேயே வைத்துவிட்டேன். பேனா இரண்டும் ஒரே வடிவம். தடவிப் பார்த்து எடுத்தேன், என் அதிபுத்தி!

என்னுடையது பேசல் இன்சுலின் (நாள் முழுக்க மெதுவாக வேலை செய்வது). மேரியுடையது சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமான இன்சுலின். அதில் இருபது யூனிட்டை ஏற்றிக்கொண்டு, பேனாவைத் திரும்ப வைக்க மறந்து பையில் போட்டுக்கொண்டு, ஒரு தேத்தண்ணியோடு வேலைக்குப் போய்விட்டேன்.

வேகமான மருந்து சர்க்கரையை இன்னும் இறக்கும் என்று பயந்து, தம்பி என்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மேரியும் வந்தாள். சேலைனில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சின்ன வயது டாக்டரம்மா, கோபப்படாமல்தான் பேசினார்.

“போட்டுக்கிட்டு இருக்கிற பேனாவ எதுக்கும்மா பிரிட்ஜுல வக்கிறீங்க? ஒங்க ஊரு குளுருக்கு வீடே போதும். அடுப்புப் பக்கமும் வெயில்லயும் வக்காதீங்க. பிரிக்காத புதுப் பேனாதான் பிரிட்ஜுக்கு. அதுவும் ஐஸ் கட்டுற எடத்துல வேணாம்.”

எத்தனை காலம் அந்த டப்பாவுக்கு நடந்திருப்போம் என்று நினைத்தால் சிரிப்பு வந்தது. அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பு நின்றது. மேரியின் பேனாவை வீசிவிட வேண்டும். இரண்டு பேருக்கும் இரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும்.

“பாதி மருந்து இருக்குங்களே” என்றாள் மேரி. “மதினி புது ஊசி மாட்டித்தான போட்டாங்க?”

“ஊசி புதுசுதாம்மா. ஆனா குத்துறப்ப கண்ணுக்குத் தெரியாத ரத்தம் பேனா உள்ளுக்குப் போயிரும். அது வழியா ஹெபடைடிஸ் (ஈரலைத் தாக்கும் நோய்) மாதிரி நோவெல்லாம் தொத்தும்.”

பஸ்ஸில் மேரி என் பக்கம் திரும்பவே இல்லை. “ஒரே தட்டுல சாப்புட்டவங்க நாம. என் ரத்தத்துல நோவு இருக்கும்னு பாக்குறாங்களா?” என்றாள்.

“என் ரத்தத்தையுந்தான் பாக்குறாங்க” என்றேன். அவளுக்கு ஆறவில்லை. எனக்குப் பயம் ஒரு பக்கம், அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது ஒரு பக்கம்.

இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது. சில மாதம் கழித்து மறுபடி பார்த்தார்கள், அப்போதும் இல்லை. அன்று மேரி கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

எங்கள் லயத்தில் உப்பு, நெருப்பு, சாவி எல்லாம் கைமாறும். பேனா மட்டும் மாறாது. என்னுடையதில் பேர் ஒட்டி, சிவப்பு நூல் சுற்றியிருக்கிறேன். கண்ணாடி போட்டு லேபலைப் படித்த பிறகுதான் மூடியைத் திறப்பேன். புது ஊசி மாட்டி, இரண்டு யூனிட்டைக் காற்றில் விட்டு, சொட்டு வருகிறதா என்று பார்ப்பேன். குத்தியபின் பத்து எண்ணித்தான் ஊசியை எடுப்பேன். கழற்றிய ஊசி கெட்டியான பிளாஸ்டிக் போத்தலுக்குள் போகும்; பிள்ளைகள் தவழ்கிற இடத்துக்குப் போகிறவள் நான்.

முன்பெல்லாம் வேலை முடிந்தால் சாப்பாடு. இப்போது சாப்பாட்டைப் பார்த்துத்தான் வேலை. கை லேசாக நடுங்கினாலும், குளிரா சர்க்கரையா என்று நின்று கேட்டுக்கொள்கிறேன். இந்த உடம்பை இவ்வளவு உற்றுக் கேட்டதே இல்லை.

நிரோஷா இன்னும் பிள்ளையை என்னிடம்தான் விடுகிறாள். “சாப்புட்டீங்களா பெரியம்மா?” என்று முன்பும் கேட்பாள், கேட்டுக்கொண்டே பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவாள். இப்போது பிள்ளையை மார்போடு பிடித்தபடி, நான் பதில் சொல்லும்வரை என் முகத்தைப் பார்த்து நிற்கிறாள். முதலில் எனக்குச் சுருக்கென்றது. பெற்றவள், கேட்கத்தான் செய்வாள்.

“ரொட்டி சாப்புட்டேன்டி” என்று சொல்லி, இரண்டு கையையும் நீட்டிக் காட்டுவேன். நடுங்கவில்லை என்று பார்த்த பிறகு, பிள்ளையைத் தருவாள்.